மினி 850: மெதுவா மிதிச்சா ஓடுது, சட்டுன்னு மிதிச்சா இருமுது

பழையமினி:
1968 மாடல் கார், எஸ்.யூ. கம்பெனியோட எச்.எஸ்.2 கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற பாகம்). காலையில சோக் இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங் சுத்தம். மெல்ல மிதிச்சா நூல் பிடிச்ச மாதிரி போகுது. சட்டுன்னு மிதிச்சா கார்பரேட்டர்ல 'டப்'புனு ஒரு இருமல், வண்டி அப்படியே உட்கார்ந்துடுது. மெக்கானிக் ஒருத்தர், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் நட்டைத் திருகினார். இப்ப கறுப்புப் புகையும் சேர்ந்து வருது. கார்பரேட்டரையே மாத்திடலாமா?

ஸ்பேனர்காரன்:
தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க. கார்பரேட்டர் தலையில இருக்கிற மூடியைத் திருகி, அதோட வர்ற கம்பியை, அதான் டேம்பரை, வெளியே எடுங்க. கம்பியில ஆயில் ஒட்டியிருக்கா? இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

எஸ்.யூ.ல, மிதிச்சதும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சற ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. அந்த வேலையைச் செய்யறது இந்தத் துளி ஆயில்தான். நீங்க மிதிச்சதும் கார்பரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டன் குபீர்னு ஏறாம ஆயில் பிடிச்சு வைக்கும். அந்த நேரத்துல காத்து இடுக்குல வேகமாப் போய் ஜெட்டுங்கிற சின்னக் குழாய்லேருந்து பெட்ரோலைக் கூடுதலா உறிஞ்சும். ஆயில் வறண்டா பிஸ்டன் துள்ளி ஏறிடும். காத்து அதிகம், பெட்ரோல் கம்மி, இருமல். எஸ்.ஏ.இ. 20 ஆயில், உள்ளே தெரியற குழாய் முனைக்கு மேல 13 மி.மீ. வரைக்கும் போதும். கூட ஊத்தினா இன்ஜின் குடிச்சிடும்.

அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைக் கழட்டி, விரலால பிஸ்டனைத் தூக்கி விடுங்க. 'டக்'குனு விழணும். சிக்கினா, மேல் கூட்டுல ஒரு அடையாளக் கோடு போட்டுட்டுக் கழட்டி, பெட்ரோல்ல கழுவித் துடைங்க. அதே திசையில மாட்டுங்க. உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது.

பாயின்ட்செட்:
எல்லாரும் பாவம் கார்பரேட்டரையே அடிக்கிறீங்க. பிளக்குகளுக்குக் கரன்ட் பிரிச்சுத் தர்ற டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயின்ட் கேப் 0.015 இன்ச் இருக்கான்னு பாருங்க. தீப்பொறி நேரத்தை முன்னாடி தள்ற வேக்கம் அட்வான்ஸ் குழாயை வாயால உறிஞ்சினா டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு நகரணும். நகரலைன்னா அதுக்குள்ள இருக்கிற டயாஃப்ரம் சவ்வு கிழிஞ்சிருக்கு.

பழையமினி:
தட்டு நகருது, கேப்பும் சரி. ஆனா பிஸ்டன் பாதியில நின்னுது! உள்ளே வெல்லப்பாகு மாதிரி பழுப்புக் கறை. டேம்பர்ல பொட்டு ஆயில் இல்லை. கழுவி, ஆயில் விட்டேன், இருமல் போயிடுச்சு. புகை மட்டும் போகலை.

ஸ்பேனர்காரன்:
அது அந்த நட்டு வேலை. இன்ஜின் நல்லா சூடானதும், கார்பரேட்டருக்கு அடியில இருக்கிற பின்னைத் தள்ளி, பிஸ்டனை 1 மி.மீ. மட்டும் தூக்குங்க. வேகம் கூடி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தா கம்மி. லேசாக் கூடி, பழைய நிலைக்கு வந்தா சரி. உங்களுக்கு நட்டை மேலே ஏத்தணும்; நட்டோட ஒரு பக்கம் அளவுக்கு, ஒவ்வொரு பட்டையாத் திருகி, ஒவ்வொரு தடவையும் பின்னைத் தள்ளிப் பாருங்க.

ஜெட்டைக் கீழே இழுக்கிற சோக் கேபிள், சோக்கை உள்ளே தள்ளினப்புறம் கொஞ்சம் தளர்வா இருக்கணும். இறுக்கமா இருந்தா ஜெட் முழுசா மேலே ஏறாது, நட்டை எவ்வளவு திருகினாலும் புகைதான். பிளக்கையும் கழட்டித் துடைச்சிடுங்க, கரி பிடிச்சிருக்கும்.