பொருள்: யூஎஸ்பி சவுண்டு கார்டுக்குத் தமிழ் – இன்று இரவுக்குள் வேண்டும்

அவசரக்காரன், மாலை 6:10

குழுவினர்க்கு வணக்கம்.

ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மடிக்கணினியில் ஒலி சுமாராக இருக்கிறது என்று வெளியே செருகிக்கொள்கிறோமே, விரல் நீளத்தில் ஒரு சவுண்டு கார்டு, அதுதான். 'வெளிப்புற ஒலி அட்டை' என்று போட்டிருந்தேன். அந்தப் பட்டியலில் 16 குறியீட்டுக்குத்தான் இடம். கண்ணுக்குப் பத்து எழுத்தும் இரண்டு இடைவெளியும்தான் தெரிகிறது. ஆனால் யூனிகோடு கணக்கில் 'ளி' என்பது ளகரம் ஒன்று, கொக்கி ஒன்று. 'ப்' என்பது பகரம் ஒன்று, புள்ளி ஒன்று. கூட்டினால் 19. பதினாறோடு வெட்டுப்பட்டு, திரையில் 'வெளிப்புற ஒலி அட' என்று வந்து நிற்கிறது.

அட என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றியது. இரவு 12 மணிக்குக் கோப்பைப் பூட்டிவிடுவார்கள். கைகொடுங்கள்.

நிரலாளர், மாலை 6:22

'யூஎஸ்பி ஒலி அட்டை' என்று போட்டுவிட்டுப் போங்களேன், இதற்கு ஒரு இழையா?

நிரலாளர், மாலை 6:25

எண்ணிப் பார்த்தேன். 17. மன்னிக்கவும்.

இயற்பியல் ஆசிரியை, மாலை 6:51

நீளம் இருக்கட்டும் தம்பி, அதில் அட்டை எங்கே இருக்கிறது? போன வாரம் பழுதான ஒன்றை வகுப்பில் பிரித்துக் காட்டினேன். நகக்கண் அளவு சில்லு, பக்கத்தில் கடுகுபோல நாலைந்து மின்தேக்கிகள், இரண்டு துளைகள். ஒரு பையன் கேட்டே விட்டான்: "அட்டையை எடுத்துட்டீங்களா டீச்சர்?"

மேசைக் கணினிக் காலத்தில் அது உண்மையிலேயே அட்டைதான். 1989இல் வந்த சவுண்டு பிளாஸ்டரைப் பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையில் செருக வேண்டும். இப்போது உருவம் போய்விட்டது, பெயர் மட்டும் தொங்குகிறது.

பெயர் வைப்பதானால் அது செய்கிற வேலையைப் பார்த்து வையுங்கள். மடிக்கணினிக்குள்ளேயே ஒலிச்சுற்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் செயலி, வைஃபை, மின்வழங்கல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற பலகையில் அதற்கும் ஒரு மூலை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்து மின்னிரைச்சல் அதற்குள் கசியும். சில கணினிகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சுட்டியை நகர்த்தினாலே 'கிர்ர்' என்று கேட்கும். வெளிக்கருவி எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் வேலையைப் பலகைக்கு வெளியே கொண்டுபோகிறது. குறுந்தட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அந்த எண்களை வாங்கி மின்னழுத்தமாக்கித் தருகிறது. ஒலிவாங்கியைச் செருகினால் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

ஆகவே அதற்குள் போவது எண், வருவது மின்னழுத்தம். ஒலி என்பதே உள்ளே கிடையாது!

நிரலாளர், இரவு 7:03

'அட்டை'தான் சிக்கல் என்றால் 'ஒலிபெட்டி'. 9 குறியீடு. முடிந்தது கதை.

புலவர், இரவு 7:40

முடியவில்லை தம்பி. ஒற்று மிகாமல் 'ஒலிபெட்டி' என்றால் வினைத்தொகை. ஒலித்த பெட்டி, ஒலிக்கின்ற பெட்டி, ஒலிக்கும் பெட்டி. அது ஒலிபெருக்கிக்குத்தான் பொருந்தும். ஆசிரியை சொன்னபடி இந்தப் பெட்டியோ வாய்திறப்பதே இல்லை. 'ஒலிப்பெட்டி' என்று பகர ஒற்று இட்டால் ஒலிக்கான பெட்டி என விரித்துக்கொள்ளலாம். அந்த ஒரு புள்ளியை எத்தனை பேர் கவனித்துப் போடுவார்கள்?

போகிற போக்கில் 'அட்டை'யைப் பற்றி ஒன்று. அட்டுதல் என்றால் ஒட்டுதல். தாளோடு தாள் ஒட்டியதும் அட்டை, காலில் ஒட்டி இரத்தம் குடிப்பதும் அட்டை. மடிக்கணினியின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மின்சாரத்தையே உறிஞ்சிப் பிழைக்கும் இதற்கு அட்டை என்ற பெயரைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? வடிவம் போனால் பெயரும் போக வேண்டும் என்பதில்லை. பனையோலை போய் எவ்வளவோ காலமாயிற்று, நாளேட்டில் 'ஏடு' இருக்கிறதே.

ஆனால் என் பரிந்துரை அதுவன்று. எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலின் கடைசிச் சூத்திரத்தில் தொல்காப்பியர் அகத்தெழு வளியிசை வேறு, புறத்திசைக்கும் வளியிசை வேறு என்று பிரிக்கிறார். உள்ளே எழும் காற்றின் ஓசை ஒன்று, வெளியே கேட்கும் ஓசை ஒன்று. கணினிக்குள் இருப்பதை அகவிசைக் கருவி என்போம், வெளியே செருகுவதைப் புறவிசைக் கருவி என்போம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் தயாராகக் கிடக்க, நாம் ஏன் அட்டையைக் கட்டி அழ வேண்டும்?

இயற்பியல் ஆசிரியை, இரவு 7:52

ஐயா, கருணை காட்டுங்கள். புறவிசை என்றால் என் பிள்ளைகளுக்கு நியூட்டன் முதல் விதி. 'புறவிசை செயல்படாத வரை' என்று இப்போதுதான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

புலவர், இரவு 8:30

புற இசை என்று பிரித்து எழுதலாம். சரி, விடுங்கள், அதைவிட நல்லது ஒன்று அகப்பட்டுவிட்டது.

உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழிலிருந்து, எழுகிற காற்று தலை, மிடறு என்கிற தொண்டை, நெஞ்சு என்னும் மூன்றிடத்தில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எழுத்தொலி ஆகிறது என்பது அதே பிறப்பியலின் தொடக்கம். ஒப்பிட்டுப் பாருங்கள். கணினி உந்தி. ஹெட்ஃபோன் வாய். நடுவில் நின்று வெறும் வளியை ஒலிக்கத் தகுந்ததாக்குவது மிடறு. இந்தக் கருவி கணினிக்கு வெளியே மாட்டிய மிடறு. *புறமிடறு*. எட்டே குறியீடு!

நிரலாளர், இரவு 8:34

'புறமிடற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் செருகவும்.'

இந்த வரியைத் திரையில் பார்க்கிற பயனர் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார் ஐயா. என் வாக்கு சவுண்டு கார்டுக்கு. 14 குறியீடு, யாருக்கும் விளக்க வேண்டாம்.

புலவர், இரவு 8:58

'கார்டு' என்பதில் ரகர மெய்யை அடுத்து டகரம் வருகிறது. தமிழில் அந்த இரண்டும் அப்படி அடுத்தடுத்து வரும் மெய்ம்மயக்கம் கிடையாது. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நிரலாளர், இரவு 9:01

வாயில் வருகிறதே ஐயா. நீங்களே போன மாதம் 'ஆதார் கார்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். தேடி எடுக்கட்டுமா?

அவசரக்காரன், இரவு 9:15

பெரியவர்களே, மூன்று மணி நேரம்கூட இல்லை. சண்டையைத் தள்ளிவைப்போம்.

'புற ஒலி அட்டை' 13 குறியீடு, அடங்குகிறது. அதையே போட்டுவிடலாம் என்று கோப்பைத் திறந்தால் வேறொரு பூதம். இதே மென்பொருளில் காற்று, மின்விசிறிச் சத்தத்தையெல்லாம் வடிகட்டும் பொத்தானுக்கு மூன்று மாதம் முன்பு நானே 'புற ஒலியைக் குறை' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். அங்கே புற ஒலி என்றால் வேண்டாத சத்தம். இங்கே அதற்கு ஒரு அட்டை!

இயற்பியல் ஆசிரியை, இரவு 9:33

நல்ல வேளை, கண்ணில் பட்டது. புற + ஒலியட்டையா, புறவொலி + அட்டையா என்பதுதான் கேள்வி. அப்படியானால் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து எழுதுங்கள். 'புற ஒலியட்டை'. ஒலியும் அட்டையும் ஒட்டிக்கொண்டால் 'புற' முழுதுக்கும் அடையாகிவிடும். அந்தப் பொத்தானையும் 'இரைச்சலைக் குறை' என்று மாற்றிவிடுங்கள். அது முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அட்டை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் சம்மதிக்கிறேன்.

இன்னொன்று, உதவிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க முடியுமா? ப்ளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவியால் பயனில்லை. எண்ணை மின்னழுத்தமாக்கும் சுற்று ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது, எண்கள் நேரே அங்கே போய்விடும். இது தெரியாமல் வாங்கிவிட்டு 'ஒரு வித்தியாசமும் இல்லையே' என்று என்னிடம் வருகிறார்கள்.

நிரலாளர், இரவு 9:36

புற ஒலியட்டை – சரி. பசிக்கிறது.

புலவர், இரவு 10:20

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். புறமிடறு என்பதைக் குழுவின் சொற்பட்டியலில் 'பிற பரிந்துரைகள்' என்ற தலைப்பிலாவது ஏற்ற வேண்டுகிறேன். சொல்லின் பொருளுக்குக் காரணம் விழிப்பத் தோன்றாது, அதாவது பார்த்தவுடன் விளங்காது, என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார்.

அவசரக்காரன், இரவு 11:38

அனுப்பிவிட்டேன். புற ஒலியட்டை, 12 குறியீடு. இரைச்சல் பொத்தானும் மாறியது, ப்ளூடூத் வரியும் சேர்ந்தது. அனைவருக்கும் நன்றி. இழையை மூடலாம்.

செவிவழி, இரவு 11:51

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்வையற்றவள். கணினியைத் திரைவாசிப்பான் கொண்டுதான் பயன்படுத்துகிறேன். இந்தக் கருவியை உங்களில் யாரையும்விட அதிகம் செருகிக் கழற்றுவது நானாகத்தான் இருக்கும். திரைவாசிப்பானின் குரலை இதன் வழியாக ஒரு காதுக்கு அனுப்பிவிட்டு, பதிவு செய்கிற பாட்டை மடிக்கணினியின் சொந்தத் துளை வழியாக மறு காதில் கேட்பேன். இரண்டும் ஒரே வழியில் வந்தால் பாட்டுக்கு நடுவே 'சேமி, பொத்தான்' என்று குரல் புகுந்துவிடும்.

உங்கள் சொல்லை இப்போதுதான் வாசிக்க விட்டுக் கேட்டேன். நான்கு முறை கேட்டேன். நீங்கள் இடம் பார்த்து விட்ட அந்த இடைவெளி என் காதில் விழவே இல்லை. 'புறவொலியட்டை' என்று ஒரே மூச்சில் ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தால் 'புறவொலி' என்று நிறுத்தி, பிறகு 'அட்டை' என்கிறது. நீங்கள் தவிர்க்க நினைத்தது எதுவோ அதையேதான் சொல்கிறது.

சவுண்டு கார்டு என்று இருந்தால் எந்த வேகத்தில் ஓட்டினாலும் எனக்குத் தெரியும். கோப்பு பூட்ட இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது.

அவசரக்காரன், இரவு 12:04

அக்கா, இப்போதுதான் பார்க்கிறேன். பூட்டிவிட்டார்கள். அடுத்த பதிப்புக்குக் குறித்துவைத்திருக்கிறேன்.

புலவர், இரவு 12:09

அம்மா, ஒரு சிறு உதவி. 'புறமிடறு' என்று அதை ஒருமுறை வாசிக்க விட்டுப் பார்ப்பீர்களா?