திருட்டு பிடிஎஃப்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கொள்ளிடக்கரை:
மயிலாடுதுறையில ஒரு நாவல் கூட்டம். முடிஞ்சதும் கையெழுத்து வாங்க வரிசை. எனக்கு முன்னாடி நின்னவர் பையிலேர்ந்து எடுத்தது புத்தகம் இல்லை. டெலிகிராம்ல வந்த பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில போட்டு, நீலப் பிளாஸ்டிக் அட்டை வச்ச ஸ்பைரல். "மேடம், ரெண்டு தடவை படிச்சுட்டேன்"னு பெருமையா நீட்டறார்! நாவலை எழுதின அந்தம்மா புரட்டிப் பார்த்தாங்க. "பிரிண்டுக்கு எவ்வளவு ஆச்சு?" "210 ரூபாய்." புத்தகத்தோட விலையே 280தான். பேசாம கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க. ராயல்டி பத்து சதவீதம்னா அவங்களுக்கு வரவேண்டியது 28 ரூபாய். ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் போனது 210.

தலைஞாயிறு வாசகன்:
எல்லாரையும் திருடனாக்காதீங்க சார். எங்க பக்கம் கடையில கிடைக்கிறது கைடும் நோட்ஸும்தான். 2018ல கஜா புயல் அடிச்சு, கரண்ட் வந்தப்புறம் நான் முதல்ல படிச்சதே ஒரு திருட்டு பிடிஎஃப். 64ஆம் பக்கத்துக்கு அடுத்து 81! அந்த 16 பக்கத்துக்காகவே புத்தகத்தைத் தபால்ல வரவழைச்சேன். நஷ்டமா, லாபமா? பொன்னியின் செல்வனும்தான் நெட்ல சும்மா கிடக்கு. விக்காமலா போச்சு?

குடந்தை கடைக்காரன்:
தலைஞாயிறு, அதையும் இதையும் குழப்பாதீங்க. கல்கி காலமானது 1954ல. அவர் எழுத்து நாட்டுடைமை, யார் வேணா போடலாம். மத்தவங்களுக்கு ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் காப்புரிமை உண்டு.

என் கதை சின்னது. வாட்ஸப்ல வந்த ஒரு பிடிஎஃப்போட முதல் பக்கத்துல எங்க புத்தகக் கடை சீல். பக்கத்துல பென்சில்ல நான் எழுதின கழிவு விலை. விற்பனை குறைஞ்சுதான்னு கேட்டா சொல்லத் தெரியலை, அது முன்னாடியும் ஓடின புத்தகம் இல்லை. ஆனா 300 பிரதி போடற சின்னப் பதிப்பாளருக்கு முப்பது பேர் வாங்காம விட்டாலே கை கடிக்கும்.

காசில்லாம படிக்கணும்னா வழியா இல்லை? கிளை நூலகத்துல உறுப்பினராகுங்க. வேணுங்கற புத்தகத்தை நூலகர்கிட்ட எழுதிக் கொடுங்க. பழைய நூல்னா நெட்ல இலவசமாக் கொடுக்கிற, 1998லேர்ந்து நடக்கிற மதுரைத் திட்டம் இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு. மாசச் சந்தா கட்ட முடியும்னா, அமேசானோட கிண்டில் அன்லிமிடெட்ல மின்னூலா எடுத்தா, நீங்க படிச்ச பக்கத்துக்கு ஏத்த மாதிரி எழுதினவருக்குக் காசு போகும். பிடிச்சுப்போச்சுன்னா அப்புறமா அச்சுப் புத்தகத்தை வாங்குங்க, யார் வேண்டாம்னா?

மன்னை மைந்தன்:
அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, ஸ்கேன் பண்ணினது யாருன்னு தெரிஞ்சுதா?

குடந்தை கடைக்காரன்:
தெரியாம என்ன, வாராவாரம் வர்றார். பழைய பாக்கியைக் கேக்கவே எனக்கு வாய் வரலை தம்பி, இதை எங்க கேக்கறது?