புதுப்பிப்பு: அந்தப் பழுப்புப் பறவை மஞ்சளாகிவிட்டது

ஜனவரியில் ஒரு படம் போட்டு, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் நைஜர் என்ற சிறு விதைகளைப் போட்டு வைத்திருக்கும் தீனிக் குழாய்க்கு வரும் மங்கலான பழுப்புப் பறவை எது என்று கேட்டிருந்தேன். அமெரிக்க கோல்ட்ஃபிஞ்ச்தான், வசந்தம் வரை பொறுங்கள் என்றீர்கள். பொறுத்தேன்.

மார்ச் நடுவில் தொண்டையில் முதல் மஞ்சள் தெரிந்தது. அப்புறம் சில வாரங்கள் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. எனக்கு அந்தப் படங்கள்தான் ரொம்பப் பிடித்தன. வசந்தத்தில் உடல் இறகுகள் மட்டுமே உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. சிறகும் வாலும் இனப்பெருக்கம் முடிந்த பிறகுதான் மாறும். அதனால் உடம்பு புத்தம்புது மஞ்சளாக இருக்க, சிறகின் வெள்ளைப் பட்டைகள் தேய்ந்து கிடப்பதைப் படத்தைப் பெரிதாக்கினால் பார்க்கலாம். கருத்திருந்த அலகு இப்போது ஆரஞ்சு. ஆணின் நெற்றியில் கறுப்புத் தொப்பியும் வந்துவிட்டது.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: வெயிலில் இந்த மஞ்சள் வெளுத்துப்போய் இறகின் இழையே தெரியாது. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 என்று குறைத்து வைத்த பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது.

மற்ற பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகே, ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் இவை கூடு கட்டும். திசில் என்ற முட்செடியின் விதைப் பஞ்சைக் கவ்விக்கொண்டு போகும் பெண் பறவையைப் படம்பிடிக்க இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.