ஹெலிகாப்டரை எங்கே பிரிப்பது?

மெய்ப்புத் திருத்துநர் ஒருவரின் பகிர்வு:

ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரியின் கடைசியில் இடம் போதாமல் ‘ஹெலிகோ’ என்று நின்ற சொல், அடுத்த வரியில் ‘ப்டர்’ என்று தொடர்ந்திருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து, ‘ஹெலி’க்குப் பின் பிரிக்குமாறு குறியிட்டு அனுப்பினேன். பதிப்பாசிரியர் என் குறியை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘திருகுசுருள், சிறகு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அகராதியைப் புரட்டிய பிறகே விளங்கியது. கிரேக்கத்தில் ‘ஹெலிக்ஸ்’ திருகுசுருளையும் ‘ப்டெரான்’ சிறகையும் குறிக்கின்றன. இரண்டையும் சேர்த்து 1861இல் பிரான்சில் பொன்டோன் தமெகூர் ஆக்கிய பெயரே ஆங்கிலத்துக்கு வந்தது. சொல்லின் பொருத்து ‘ப்டர்’க்கு முன்னால் இருக்க, ஆங்கிலம் பேசுவோர் அதை ஹெ‑லி‑காப்‑டர் என்று நான்கு அசைகளாக ஒலிப்பதால், சிறகுக்கு உரிய ‘ப்’ முந்தைய அசையோடு ஒட்டிக்கொள்கிறது. காதில் விழுந்தபடியே பிளந்தவர்கள்தாம் ‘ஹெலிபேட்’ என்றும் ‘குவாட்காப்டர்’ என்றும் புதிய சொற்களை உண்டாக்கினார்கள். மூலத்தின்படி அவை தவறு எனலாம். எனக்கென்னவோ அவற்றின் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஆங்கில ஆசிரியர் ஒருவரின் பகிர்வு:

நான் மாட்டிக்கொண்டதும் இதே சிறகிடம்தான். அதே ‘ப்டெரான்’ முதலில் வரும், பறக்கும் தொல்லுயிரான டெரோடாக்டைலின் எழுத்துக்கூட்டலில் முதலில் நிற்கும் ‘பி’ ஒலிக்காது என்று வகுப்பில் சொன்னேன். “அப்படியானால் ஹெலிகாப்டரில் மட்டும் ஏன் ஒலிக்கிறது, மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. கிரேக்கச் சொல் ‘ப்ட்’ என்று தொடங்கலாம். ஆங்கில அசை அவ்வாறு தொடங்காது. ஆகவே சொல்லின் முதலில் வரும் ‘ப்’ சாய்ந்துகொள்ள இடமின்றி மறைகிறது. முன்னால் ஓர் உயிரொலி இருந்தால் அந்த அசையை மூடும் மெய்யாகி உயிர்பிழைக்கிறது. நினைவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ‘நிமோனிக்’கில் (நினைவில் வைக்க உதவும் உத்தி) ஒலிக்காத ‘ம்’, அதே வேரிலிருந்து வந்த ‘அம்னீசியா’வில் (நினைவிழப்பு) தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். தமிழில் தனிமெய் மொழிக்கு முதலாகாது என்று இலக்கண வகுப்பில் படித்திருந்த மாணவர்களுக்கு, மறுநாள் இதை விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆங்கிலம் நம்மைவிடச் சற்றுத் தாராளம், ‘ப்ர’, ‘ப்ல’ ஆகியவற்றை முதலில் ஏற்கும், ‘ப்ட’வை ஏற்காது என்பதை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் ஒருவரின் பகிர்வு:

பயிற்சிக் காலத்தில், ஒலிப்பதிவில் ‘நியூமோதொராக்ஸ்’ என்று கேட்டதை அகராதியின் ‘என்’ பகுதியில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்; அது ஒலிக்காத ‘பி’யில் தொடங்கும் சொல். அதே குறிப்பில் வந்த ‘டிஸ்ப்னியா’வில் ‘ப்’ நன்றாகவே கேட்டது. ஒன்று நெஞ்சறையில் புகுந்த காற்று, மற்றொன்று மூச்சுத்திணறல். இரண்டுக்கும் மூச்சுவிடுதலைக் குறிக்கும் ஒரே கிரேக்க வேர்தான் என்பது அப்போது தெரியாது. இப்போதெல்லாம் ‘என்’னில் அகப்படாத சொல்லை உடனே ‘பி’யில் தேடிவிடுகிறேன்.