கோ கேர் போயிட்டு வந்தேன், அங்க இருக்குற பிரசாத் சென் கோயில் தான் இன்னும் மனசுல நிக்குது

கம்போடியான்னாலே எல்லாரும் அங்கோர் வாட் பத்தி தான் எழுதுறாங்க, அதனால நான் கோ கேர் பத்தி சொல்றேன். அங்கோர் வாட் பக்கத்துல இருக்குற சியாம் ரீப் ஊர்ல இருந்து வடகிழக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர், விடியக்காலைலயே கார் எடுத்துட்டோம். 928ல இருந்து 944 வரைக்கும் பழைய கம்போடியாவோட கெமர் ராஜ்ஜியத்துக்கு இதான் தலைநகரம், நாலாம் ஜெயவர்மன் அங்கோர்ல இருக்காம இங்க வந்து ஒரு நகரத்தையே எழுப்பியிருக்கான், அவன் மகனுக்கு அப்புறம் ராஜேந்திரவர்மன் மறுபடி அங்கோருக்கே போயிட்டான். 16 வருஷம் தாங்க, அதுக்குள்ள இத்தனை கோயில், இவ்ளோ பெரிய ஏரி.

ஏழடுக்கு பிரமிடு 36 மீட்டர் உயரம், பக்கத்துல மரப்படி போட்டிருக்காங்க. மேல போனா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் காடு தான். அந்த உச்சில திரிபுவனேஸ்வரர்னு ஒரு லிங்கம் இருந்துச்சாம், இப்ப இல்ல. ஆனா சின்னச் சின்ன சன்னதில ஆவுடையோட பெரிய லிங்கம் அப்படியே நிக்குது, அபிஷேகத் தண்ணி வெளிய போற வழி கூட இருக்கு, அதப் பாத்ததும் கை தானா கும்பிட்டுடுச்சு.

ஆனா என்னைய உலுக்குனது பிரசாத் சென். செம்புரைக்கல் சுவரும் சரிஞ்ச கல்லும் தான் இருக்கு. இங்க தான் பீமனும் துரியோதனனும் கதையோட மோதுற மாதிரி, பலராமனும் பாண்டவங்களும் சுத்தி உக்காந்து பாக்குற மாதிரி ஆளுயரச் சிலைங்க இருந்துச்சு. 1970கள்ல உள்நாட்டுப் போர் நடக்கும்போது கணுக்காலோட வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க, பாதம் மட்டும் பீடத்துல மிச்சம். துரியோதனன் நியூயார்க் ஏலத்துக்கு வந்தான், பீமன் கலிஃபோர்னியா மியூசியத்துல நின்னான், அந்த விட்டுப்போன பாதத்த வச்சுத்தான் இது கோ கேர்ல இருந்து போனதுன்னு காட்ட முடிஞ்சுது. 2014ல ரெண்டு பேரும் நாட்டுக்குத் திரும்பிட்டாங்க. சிலைய வெட்டுனவனுக்கு அந்தப் பாதமே சாட்சி ஆகும்னு தெரிஞ்சிருக்காது.

— அண்ணா, நான் நோம் பென் தேசிய மியூசியத்துக்குப் போனப்ப வாலி சுக்ரீவன் மல்லுக்கட்டுற சிலைய பாத்தேன், அதுவும் பிரசாத் சென்ல இருந்து வந்தது தான். ரெண்டு குரங்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு, கல்லுன்னே தோணல, ரொம்ப நேரம் அந்த இடத்த விட்டு நகரவே முடியல. கோ கேர் போகலையேன்னு இப்ப தான் வருத்தமா இருக்கு. மழைக்காலத்துல போலாமா?

— போலாம் தம்பி, படி வழுக்கும், பாத்து ஏறு. ஏறிட்டு அப்படியே திரும்பிடாத, பிரசாத் பிராம் கண்டிப்பா பாரு, கோபுரத்த மரத்து வேரு கட்டிப் பிடிச்சிருக்கும். போட்ட பாதைய விட்டு மட்டும் இறங்காத, போர்க்காலத்துக் கண்ணிவெடி புதைஞ்சிருந்த காடு அது.