சண்டையில தொடங்காத செட்டிங் புத்தகம் ஏதும் இருக்கோ? நீங்கள் எதுக்குக் காத்திருக்கிறியள்?

இருபது_முகம் (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அஞ்சு பேர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில எங்கட வீட்டு விறாந்தையில டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறம், ஆளுக்கொரு பாத்திரமா இருந்து டைஸ் உருட்டிக் கதை கொண்டுபோற விளையாட்டு, தொடங்கி ஒண்டரை வருசமாச்சு, நான்தான் டிஎம், கதையை நடத்திற ஆள். டைஸ் ஒரே ஒரு செற்றுத்தான், கனடாவில இருந்து வந்த மச்சான் தந்தது, அதிலயும் நாலு முகக் கட்டை போன மாரியில முற்றத்து வெள்ளத்தோட போட்டுது. இப்ப துண்டுக் கடதாசியில 1, 2, 3, 4 எழுதிச் சுருட்டிப் பால்மா ரின்னுக்குள்ள போட்டுக் குலுக்கி எடுக்கிறம்.

விசயத்துக்கு வாறன். செட்டிங் எண்டா கதை நடக்கிற உலகம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் எண்ட உலகத்தில ஒரு கேம்பெயின், நீளமான தொடர்கதை ஒண்டு, முடிச்சாச்சு, அடுத்தது எபரான் செய்வம் எண்டு 2019ல வந்த புத்தகத்தை ஒரு மாசமா இருந்து வாசிச்சு, குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு போய் இருந்தனான். தொடக்கம் சொல்றன்: நூறு வருசத்துக்கு மேல நடந்த சண்டை முடிஞ்சு இப்ப ரெண்டு வருசம், அதுக்கு ரெண்டு வருசம் முதல் சைர் எண்ட நாடு ஒரே நாளில இல்லாமப் போச்சு, என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, தப்பின சனம் மற்ற நாடுகளில அகதியா இருக்குது, நீங்கள் அதில வந்த ஆக்கள். இவ்வளவும் சொல்லி முடிய பெரியம்மாவின்ர மகள் பென்சிலை மேசையில வைச்சிட்டு "அண்ணா, இதுக்கு நான் ஏன் டைஸ் உருட்டோணும்?" எண்டாள்.

ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா, குடிச்சிட்டுக் கரம் விளையாடினம்.

எபரான் கூடாத செட்டிங் எண்டு நான் சொல்ல வரேல்ல, உண்மையில அந்த ரயில், பறக்கிற கப்பல், துப்பறியிற கதை எல்லாம் எனக்கு நல்ல விருப்பம். ஆனா யோசிச்சுப் பாத்தா எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எரிஞ்ச ஊர், செத்த தாய் தகப்பன், இடிஞ்ச கோட்டை, அதுக்குள்ள கிடக்கிற சாமான் எடுக்கப் போற ஆக்கள். எங்கட மேசையில அது விளையாட்டா வருகுதில்ல. அதுதான் கேக்கிறன், வந்ததோ வராததோ, நீங்கள் வேணும் வேணும் எண்டு நினைக்கிற செட்டிங் புத்தகம் எது? ஏன்?

---

பாலைப்பழம் (மாங்குளம்)

டார்க் சன். நான் வேற ஒண்டும் கேக்கமாட்டன்.

1991ல வந்தது, 2010லயும் ஒருக்கா வந்தது, 2014ல தொடங்கின பதிப்பில கடைசி வரைக்கும் வரேல்ல. அதாஸ் எண்ட உலகம், முழுக்கக் காய்ஞ்சு போன நிலம், இரும்பு கிடைக்கிறது அருமை, கனபேருக்கு எலும்பிலயும் கல்லிலயும்தான் கத்தி. அதில எனக்குப் பிடிச்சது மந்திரம் வேலை செய்யிற விதம். மந்திரம் போட்டா அதுக்குரிய சக்தி சுத்தியிருக்கிற மரம் செடியில இருந்துதான் வருது, கவனமில்லாமப் போட்டியளெண்டா காலடியில கிடக்கிற புல்லெல்லாம் சாம்பலாப் போகும், அந்த நிலத்தில பிறகு ஒண்டும் முளையாது. அந்த உலகம் பாலையாப் போனதே அப்பிடித்தான். மற்ற இடத்தில ஒரு தீக்குண்டு போட்டிட்டு மந்திரவாதி கையைத் தட்டிப்போட்டுப் போவான், இங்க ஊர்ச்சனம் பொல்லோட துரத்தும். ஆவணி புரட்டாதியில எங்கட பக்கம் வந்து பாத்தவனுக்கு இந்தச் செட்டிங் லேசா விளங்கும், குளம் வத்தி அடிச்சேறு வெடிச்சு, மாடு மூக்கை நீட்டிக்கொண்டு நிக்கும்.

ஆனா தம்பி, உங்கட தங்கச்சிக்கு இது சரிவராது, இப்பவே சொல்லிப்போடுறன். அங்க அடிமை வியாபாரம், இனத்தோட அழிச்ச கதை எல்லாம் அடித்தளத்திலயே கிடக்கு. தண்ணியையும் மந்திரத்தையும் வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப எழுதினா நான் முதல் ஆளா வாங்குவன்.

---

கச்சான்_பை (முறிகண்டி)

ஸ்பெல்ஜாமர். விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பி உழவு மிசின் ஓட்டுற மனுசன் நான், ஞாயிறு பின்னேரமும் எனக்கு வயலும் வரம்பும் காட்டாதேங்கோ. நட்சத்திரத்துக்கு நடுவில கப்பல் ஓடோணும், அவ்வளவுதான்.

2022ல வந்ததைப் பற்றிக் கதைச்சா எனக்குக் கோவம் வரும். மூண்டு புத்தகம், ஒவ்வொண்டும் 64 பக்கம், படமெண்டா சொல்லி வேலையில்லை, அந்த வடிவு. ஆனா கப்பலும் கப்பலும் சண்டை பிடிக்கிற விதியைத் தேடிப் போனா, கிட்டப் போய் மற்றக் கப்பலுக்குள்ள பாய் எண்டமாதிரித்தான் கிடக்கு. கப்பல் விளையாட்டில கப்பலுக்கு வேலை இல்லை! எனக்கு வேணுமெண்டது நாலாவது புத்தகம் ஒண்டு, முழுக்க முழுக்கக் கப்பல் ஓட்டுறது, பழுது பாக்கிறது, சாமான் ஏத்தி இறக்கிறது, எந்தத் துறையில என்ன விலை. நான் சும்மா கற்பனையில வைச்சிருக்கிறது ஒரு பறக்கிற வத்தை, முன்னுக்கு எலுமிச்சம்பழம் கட்டி.

---

துருசடி (முத்தையன்கட்டு)

எனக்கு பேர்த்ரைட். இளம் ஆக்களுக்குத் தெரியாது, 1995ல வந்தது, அதுக்குப் பிறகு வந்த ஒரு பதிப்பிலயும் திரும்பி வரேல்ல. அதில நீங்கள் வாள் தூக்கிக்கொண்டு அலையிற ஆள் மட்டும் இல்லை, ஒரு நிலப்பகுதியை ஆளுற ஆள். மூண்டு மாசம் ஒரு சுத்து, அதுக்குள்ள மாசத்துக்கு ஒரு வேலை, வரி எடுக்கலாம், றோட்டுப் போடலாம், பக்கத்து நாட்டோட கதைக்கலாம். இதை முதல் வாசிக்கேக்க எனக்கு வன்னியை ஆண்ட சிற்றரசர், வன்னிபங்கள்தான் ஞாபகம் வந்தது, பனங்காமம், கரிக்கட்டுமூலை எண்டு ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு ஆள், மேல ஒரு ராசா இருக்கிறார் எண்டு பேர், ஆனா அடங்காப்பற்று. ஒரு ராசா ஒரு நாடு எண்டு எழுதாம இப்பிடி எழுதினா விளையாட நல்லாயிருக்கும்.

ஆனா என்ர மனசில கிடக்கிற புத்தகத்தில கோட்டை இல்லை, குளம்தான். செட்டிங் புத்தகம் எழுதுற ஆக்கள் நானூறு வருசத்து ராசாக்களின்ர பேர் எழுதுவினம், சனம் எதைத் திண்டு சீவிக்குது எண்டு எழுதாயினம். எங்கட பக்கம் ஒரு குளத்தை எடுத்தாலே ஆறு மாசத்துக்குக் கதை காணும். மாரி நல்லாப் பெய்தா காலபோகத்துக்குப் பிரச்சினை இல்லை, பிரச்சினை சிறுபோகத்துக்குத்தான். குளத்தில எத்தினை அடி தண்ணி கிடக்கு எண்டு பாத்து, கமக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைச்சு, இந்தமுறை இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் எண்டு முடிவெடுக்கோணும். ஆருக்கு எத்தினை ஏக்கர்? அந்தக் கூட்டத்தில இருந்து பாத்தவனுக்கு டிராகன் ஒரு பொருட்டே இல்லை. தலைப்பு வயல்காரனுக்குத் தண்ணி கணுக்காலுக்கு மேல நிக்கும், வாய்க்கால் கடைசியில இருக்கிறவன் மம்பெட்டியையும் ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு இரவு பன்னெண்டு மணிக்கு வந்து ஆரும் இல்லாத நேரம் வரம்பை வெட்டி விடுவான், விடிய வந்து ஆர் வெட்டினது எண்டு கேட்டா பண்டி கிண்டினது எண்டுவான். இதிலயே மறைஞ்சு போற உருட்டு இருக்கு, பொய் சொல்ற உருட்டு இருக்கு, கூட்டத்தில கதைச்சு வெல்லுற உருட்டு இருக்கு, ஒரு ஆளும் சாகத் தேவையில்லை.

காட்டுக்குள்ள இறங்கிறதுக்கும் விதி வேணும். எங்கட அப்பப்பா தேன் எடுக்கப் போகேக்க ஒரு குழை முறிச்சு மரத்தடியில போட்டு, கும்பிட்டுட்டுத்தான் உள்ளுக்கு அடி எடுத்து வைப்பார். உள்ளுக்குப் போனா யானை எண்டு வாயால சொல்லமாட்டார், "பெரியவர் நிக்கிறார்" எண்டுதான். இதை விதியாப் போட்டுப் பாருங்கோ: குழை முறிச்சவனுக்கு அண்டைக்கு வழி தேடுற உருட்டு ஒண்டுக்கு அட்வான்டேஜ், ரெண்டுதரம் உருட்டிக் கூடினதை எடுக்கலாம், பேரைச் சொன்னவனுக்கு டிஎம் ரகசியமா ஒரு கட்டை உருட்டுவார். பாலைப்பழக் காலத்தில கரடி கூட, மாரியில யானை வேற பக்கம், அப்ப காட்டில எதிர்ப்படுற மிருக அட்டவணை மாசத்துக்கு மாசம் மாறோணும். குமுளமுனைப் பக்கத்து அரியாத்தை கதை கேட்டிருப்பியள், ஆம்பிளையள் பயந்து நிண்ட யானையைப் போய் அடக்கினவ. அப்பிடி ஒரு ஆளை ரேஞ்சர், காடு தெரிஞ்ச வீரர், எண்டு போட்டா நாலாம் லெவலில தொடங்கோணும்.

---

கச்சான்_பை (முறிகண்டி)

அண்ணை வயல் வேண்டாம் எண்டுதானே சொன்னனான் 😭 ஆனா வரம்பு வெட்டுற கதையை வாசிக்க எனக்கே உருட்டோணும் போல கிடக்கு. பண்டி கிண்டினது எண்டு சொல்றவனை எனக்குத் தெரியும்.

---

உப்புநீர்_விளக்கு (முள்ளியவளை)

எல்லாத்தையும் வாசிச்சன். நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான், ஒம்பதாம் வகுப்புப் பிள்ளையள் நாலு பேரோட இடைவேளையில விளையாடுறனான், அதால ரெண்டு விசயம் சொல்லோணும்.

முதலாவது, எங்கட ஊரை வைச்சு எழுத வெளிக்கிட்டா தெய்வங்களுக்கு நம்பர் போடாதேங்கோ. 1980ல ஒரு தெய்வங்கள் புத்தகம் வந்தது, அதில இந்திரனுக்கும் காளிக்கும்கூட ஹிட் பாயிண்ட், எவ்வளவு அடி தாங்கும் எண்ட கணக்கு, போட்டிருந்தவை. ஹிட் பாயிண்ட் இருந்தா ஆராவது ஒரு பெடியன் அடிச்சுத்தான் பாப்பான், பெடியளை எனக்குத் தெரியும். போனகிழமை கும்பிட்டிட்டு வந்த கோயிலை மேசையில வைச்சு அடிக்க ஏலாது. பேரை மாத்தி, சாயலை மட்டும் எடுங்கோ. 2022ல வந்த ரேடியன்ட் சிற்றடல் எண்ட புத்தகத்தில 13 கதையும் அப்பிடித்தான், ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாட்டுச் சாயல், வங்காளச் சாயலிலயும் ஒண்டு இருக்கு. எங்களுக்குக் கிட்ட வந்தது அவ்வளவுதான், வன்னிக்கு வரேல்ல.

ரெண்டாவது தம்பி இருபதுமுகத்துக்கு. உங்கட தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. ஆனா சண்டையே நடக்காத உலகம் வேணுமெண்டுதான் அவ கேட்டவவோ எண்டு எனக்குச் சந்தேகம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை எடுங்கோ. மதுரையை எரிச்சவ நடந்து நடந்து நந்திக்கடல் கரைக்கு ஒரு கிழவியா வாறா. மாடு மேய்க்கிற பெடியளைக் கூப்பிட்டுப் பசிக்குது, பொங்கித் தாங்கோ எண்டுறா. பொழுதுபட விளக்கேத்த எண்ணெய் இல்லை எண்டு பெடியள் சொல்ல, கடல் தண்ணியை விட்டு ஏத்துங்கோ எண்டுறா, எரியுது. தலை கடிக்குது பாருங்கோ எண்டு சொல்லி, பெடியள் மயிரை விலக்கிப் பாத்தா தலை முழுக்கக் கண். இண்டைக்கும் வைகாசியில சிலாவத்தையில கடல் தண்ணி எடுத்துக்கொண்டு வந்து காட்டா விநாயகர் கோயில்ல அதில விளக்கெரிச்சுத்தானே பொங்கலுக்குப் போறம். நான் சின்னப்பிள்ளையில கிட்டப் போய்ப் பாக்கவெண்டு அம்மம்மாவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நெரிபட்டிருக்கிறன்.

அந்தக் கதையில மதுரை எரிஞ்சது முதல் வரியிலயே முடிஞ்சுது. மிச்சமெல்லாம் பசி, பொங்கல், விளக்கு, பேன் பாக்கிறது. பெடியளுக்கு வந்தவ ஆரெண்டு தெரியாது. எனக்கு வேணுமெண்ட செட்டிங் புத்தகம் அதுதான், எரிச்சது எங்கயோ தூரத்தில, வந்து சேந்த இடத்தில அடுப்பு மூட்டுறதில இருந்து தொடங்கிறது. என்ர பிள்ளையளோட ஒருக்கா இப்பிடித் தொடங்கினன், காடு மூடின வளவுக்குத் திரும்பி வந்த நாலு குடும்பம், முதல் வேலை கிணறு இறைக்கிறது. கிணத்துக்குள்ள என்ன கிடக்கு எண்டு அட்டவணை போட்டு வைச்சிருந்தன், ஒரு வாளி, ஒரு ஆமை, ஒரு தையல் மிசின் சில்லு, இப்பிடி இருபது. பிள்ளையள் மணி அடிச்சும் எழும்பேல்ல.

---

நீலப்பேனை (வவுனியா)

அப்ப எழுதுங்கோவன், ஆருக்குக் காத்திருக்கிறியள்?

இந்த விளையாட்டை வெளியிடுற விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கொம்பனி 2023 தை மாசத்தில அடிப்படை விதித் தொகுப்பை, எஸ்ஆர்டி 5.1 எண்டுறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில விட்டிட்டினம். கிட்டத்தட்ட 400 பக்கம். எங்க இருந்து எடுத்தது எண்டு அவை சொன்ன மாதிரி ஒரு வரி போட்டா, தமிழில எழுதலாம், விக்கவும் செய்யலாம், குடுத்த உரிமத்தைத் திருப்பி வாங்கவும் ஏலாது. ஆனா அதாஸ், எபரான், சைர் எண்டு அவையின்ர உலகத்துப் பேர் ஒண்டும் வரக்கூடாது. இன்னொண்டு, எபரானே அப்பிடி ஒரு ஆள் அனுப்பினதுதான், 2002ல புதுச் செட்டிங் தேவை எண்டு போட்டி வைச்சவை, 11,000 அளவில போய்ச் சேந்தது, அதில கீத் பேக்கர் அனுப்பினதைத்தான் 2004ல புத்தகமாக்கினவை.

எண்பது பக்கக் கொப்பி ஒண்டு காணும். அண்ணை குளத்தையும் காட்டையும் எழுதட்டும், ரீச்சர் கிணத்து அட்டவணையைத் தரட்டும். சொல்லுகளை நான் பாக்கிறன். நாங்கள் சண்டையில ஆர் முதல் எண்டு பாக்கிற இனிசியேட்டிவ்க்கு "முந்தல்" எண்டுறம், ஆபத்தில இருந்து தப்ப உருட்டுற சேவிங் த்ரோவுக்கு "தப்புற உருட்டு". அடி படாமக் காக்கிற எண், ஆர்மர் கிளாஸுக்கு இன்னும் ஒண்டும் அம்பிடேல்ல, "படாத அளவு" எண்டு ஒருத்தன் சொன்னான், சிரிச்சு முடிய அரை மணித்தியாலம் போட்டுது.

---

பாலைப்பழம் (மாங்குளம்)

மந்திரம் போட்டா குளத்தில தண்ணி குறையோணும். இதைப் போட்டா நான் டார்க் சன்னைப் பற்றி இனி வாயே திறக்கமாட்டன். முதலாம் லெவல் மந்திரத்துக்கு ஒரு விரல், மூண்டாம் லெவலுக்கு ஒரு சாண். பெரிய மந்திரவாதியைக் கண்டா கமக்காரர் ஒளிக்கோணும்.

---

துருசடி (முத்தையன்கட்டு)

ஒரு சாண் கூடத் தம்பி. பெரிய குளத்தில ஒரு சாண் எண்டா எத்தினை ஏக்கர் காயும் தெரியுமே? விரல் காணும்.

---

இருபது_முகம் (கிளிநொச்சி)

எல்லாருக்கும் நன்றி, ரீச்சருக்கு விசேசமா. நேற்றுப் பின்னேரம் தங்கச்சியிட்ட போனில ரீச்சர் எழுதினதையும் அண்ணையின்ர குளத்தையும் வாசிச்சுக் காட்டினனான். கிணத்து ஆமைக்குப் பேர் என்ன எண்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "துருசுத் திறப்பு ஆரிட்ட கிடக்கு?" எண்டு கேட்டாள், குளத்து மதகு திறக்கிற சாவியை. நான் இன்னும் யோசிக்கேல்ல எண்டன். அப்ப என்ர ஆளிட்ட கிடக்கட்டும், ஆனா மற்ற ஆக்களுக்குச் சொல்லாத எண்டாள்.

இந்த ஞாயிறு மூண்டு மணிக்குத் தொடங்கிறம். கரண்ட் வெட்டாட்டி. ஆரிட்டயாவது நாலு முகக் கட்டை ஒண்டு மேலதிகமாக் கிடந்தாச் சொல்லுங்கோ, பஸ்ஸில குடுத்து விட்டா ரவுனில வந்து எடுப்பன்.