ஒருமுறை எழுதும் சிப்பில் எழுத மாட்டேன் என்கிறது, அவசரம்

வயர்கட்டர்: வணக்கம். வெப்பநிலை பதிவுக் கருவி 40 செய்கிறேன். ஒவ்வொன்றிலும் சீரியல் எண்ணும் அளவுத்திருத்த மதிப்பும் இருக்க வேண்டும், பிறகு யாரும் மாற்றக் கூடாது. அதனால் ஒருமுறை மட்டும் எழுதும் சிப் வாங்கினேன். எழுதினால் பிழை எதுவும் காட்டுவதில்லை, திரும்பப் படித்தால் எல்லாம் எஃப்எஃப், அதாவது காலி. மூன்று சிப் மாற்றியாயிற்று. டூப்ளிகேட்டா? நாளைக்குள் தெரிய வேண்டும்.

மின்மினி: எந்த சிப், எந்த போர்டு, எத்தனை வோல்ட்? இது எதுவும் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

சால்டர் சாமி: எதுவாக இருந்தாலும் முதலில் டேட்டா லைனை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

வயர்கட்டர்: டிஎஸ்2502. ஆர்டுயினோ நானோ, 5 வோல்ட். புல்-அப் 4.7 கே இருக்கிறது. சிப் வகையைச் சொல்லும் ஐடி 09 என்று சரியாக வருகிறது.

பழைய பஞ்சாங்கம்: தம்பி, டேட்டாஷீட் என்று ஒன்று உண்டு. இது ஈப்ராம் வகை மெமரி. 5 வோல்ட்டில் படிக்கும், எழுதாது. பைட்டை அனுப்பி, சிப் திருப்பித் தரும் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) சரியா என்று பார்த்து, அப்புறம் டேட்டா லைனிலேயே 12 வோல்ட் பல்ஸ், குறைந்தது 480 மைக்ரோ செகண்ட். அப்போதுதான் 1 ஆக இருக்கும் பிட் 0 ஆகும். உங்கள் மூன்று சிப்பும் நல்லவைதான், குப்பையிலிருந்து எடுங்கள்.

மின்மினி: அந்த 12 வோல்ட் நேராக நானோ பின்னுக்குப் போனால் நானோ காலி. நடுவில் ட்ரான்சிஸ்டர் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சால்டர் சாமி: இத்தனை கூத்து எதற்கு? 24சி02 என்ற சாதாரண மெமரி சிப் போட்டு, எழுதுவதைத் தடுக்கும் டபிள்யூபி காலை விசிசியோடு (பவர் லைன்) சால்டர் வைத்தால் முடிந்தது.

பழைய பஞ்சாங்கம்: சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவன் அந்தக் காலைத் தூக்கிவிடுவான்.

சால்டர் சாமி: அயர்ன் வைத்திருப்பவன் உங்கள் 2502-ஐயே கழற்றி வேறு வைப்பானே! ஒருமுறை எழுதினால் மாறாது என்பதும் பாதி உண்மைதான். மிச்சம் உள்ள 1-களை எப்போது வேண்டுமானாலும் 0 ஆக்கலாம். சீரியல் எண் 37-ஐ 5 ஆக்கிவிடலாம், பிட் போட்டுப் பாருங்கள்.

பழைய பஞ்சாங்கம்: அதற்குத்தான் ஸ்டேட்டஸ் மெமரியில் பக்கத்தை (மெமரியின் ஒரு பகுதியை) பூட்டும் பிட் இருக்கிறது. டேட்டாஷீட் என்று நான் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சால்டர் சாமி: சரிங்க ஐயா.

தறிநாடா: சண்டை நடக்கட்டும். கேட்டவருக்கு ஒன்று: டிஎஸ்2431 பாருங்கள். அதே ஒன்-ஒயர் (ஒரே டேட்டா லைனில் பேசும் முறை), அதே 1024 பிட், ஆனால் 5 வோல்ட்டிலேயே எழுதும். எட்டெட்டு பைட்டாக எழுத வேண்டும், அவ்வளவுதான். வேண்டிய பக்கத்தை நிரந்தரமாகப் பூட்டலாம், பூட்டும் வரை தப்பைத் திருத்தலாம். 40 கருவிக்கு 12 வோல்ட் சர்க்யூட் கட்டி அல்லாடுவதைவிட இது மேல். அப்புறம், உங்கள் சென்சார் எது? டிஎஸ்18பி20-ஆ? அதே லைனில் இருந்தால் பல்ஸ் கொடுக்கும் முன் கழற்றிவிடுங்கள். அது தாங்குவது 6 வோல்ட் வரைதான்.

*(இரண்டு நாள் கழித்து)*

வயர்கட்டர்: 12 வோல்ட் கொடுத்தேன், எழுதிவிட்டது, படிக்கவும் வருகிறது. மேலே உள்ள பதிவை இப்போதுதான் பார்க்கிறேன். சென்சார் அதே லைனில்தான் இருந்தது. இப்போது தொட்டால் சுடுகிறது, எண் எதுவும் வரவில்லை. 2431 ஆர்டர் போட்டாயிற்று. நன்றி.

மின்மினி: நானோ பிழைத்ததா?